மரத்தில் வைத்ததும் திணறும் செயின்சா: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் பிரச்சினை எனக்குப் புரிந்தவரை இதுதான். 58 சிசி பெட்ரோல் செயின்சா, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), வாங்கி மூன்று வருஷம். வண்டலூர் பக்கத்து மனையில் காற்றில் சாய்ந்த வேம்பையும் வேலியோரத்துச் சீமைக் கருவேலத்தையும் அறுக்க எடுத்திருக்கிறீர்கள். சும்மா ரேஸ் செய்தால் நன்றாகக் கத்துகிறது. மரத்தில் வைத்தால் இரண்டு துண்டு வரை ஒழுங்காக ஓடுகிறது. மூன்றாவதில் சத்தம் இறங்கி, திணறி, அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி அதே கதை. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டரும் புதுசு. மெக்கானிக், "போர் போச்சு சார், பிஸ்டன் செட் மாத்தணும்" என்கிறார். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்பக்கம். மாற்றுவதா, எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அம்பத்தூர் பக்கம் இருபது வருஷமாகச் சின்ன இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தோடு என் மேசைக்கு வந்த மிஷின்களில் நிஜமாகவே போர் போனவை கொஞ்சம்தான். "ஆறினால் ஓடுகிறது, அப்படியானால் சூடு, சூடு என்றால் போர்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் இன்ஜின் மட்டும் ஆறவில்லை, பெட்ரோல் டேங்க்கும் மூச்சு விட்டுக்கொள்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

டேங்க்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலோ டேங்க்கின் மேல்புறத்திலோ ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. மரத்தூளும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகும். ஐடிலிங்கில் குடிப்பது சொட்டு என்பதால் ஒன்றும் தெரியாது. முழு ரேஸில் மரத்தை அறுக்கும்போது மடக் மடக்கென்று குடிக்க வேண்டும். உள்ளே இழுத்துப் பிடித்திருப்பதால் பெட்ரோல் ஏற மாட்டேன் என்கிறது. இன்ஜின் பசியில் திணறி அணைகிறது. நீங்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் அந்தப் பாதி அடைத்த துளை வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது. மறுபடி இழுத்தால் ஓடும். பார்ப்பவருக்கு "ஆறிடுச்சு, ஓடுது" என்றுதான் தோன்றும்.

சோதிக்கச் செலவே இல்லை. அடுத்த முறை சத்தம் இறங்கி அணைந்ததும் செயின் பிரேக்கைப் போட்டு, மிஷினைத் தரையில் வைத்து, சைலன்சர் பக்கம் முகத்தைக் காட்டாமல், பெட்ரோல் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா? உடனே மூடியை இறுக்கி, ஆற விடாமல் இழுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகி முன்புபோல இரண்டு துண்டு அறுத்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். மூடி திறக்கும்போது காற்று வெளியே பீறிட்டால் அது வேறு விஷயம்: வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அழுத்தம் கூடியிருக்கிறது. அப்போது முழுசாகத் திறக்காதீர்கள், மேலே தெறிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், டேங்க்குக்குள் ரப்பர் டியூப் முனையில் தொங்கும் குண்டு ஃபில்டரைப் பாருங்கள். சைக்கிள் கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து விட்டால் வெளியே வந்துவிடும். பழுப்பேறிக் கெட்டியாக இருந்தால் கழுவி நேரத்தை வீணாக்காதீர்கள், புதுசு போடுங்கள். அந்த டியூப்பையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். ஊறிப்போய் பிசுபிசுவென்று இருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ அதுவும் போக வேண்டியதுதான். வெடித்த டியூப் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கார்புரேட்டர் எத்தனை புதுசாக இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில் நம் ஊர் பெட்ரோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. கையில் பிடிக்கும் மிஷின் செய்யும் பெரிய கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் தாங்கும் என்று கையேட்டில் போடுகின்றன. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கிலேயே விட்டால் கலவை காற்று அதிகமாக, பெட்ரோல் குறைவாகப் போகும். நாங்கள் அதை "லீன்" என்போம். லீனாக ஓடும் 2 ஸ்ட்ரோக் சும்மா ரேஸில் துள்ளும், பாரம் வந்ததும் விழும், சூடும் ஏறும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். சென்னைக் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே? உப்பு டப்பா மூடியை இறுக்காவிட்டால் காலையில் கசிந்திருக்கும் ஊர். மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிற்கும் மிஷினில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். குண்டு ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். ஆகவே பழைய கலவையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்குங்கள்.

கலவை அளவும் முக்கியம். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்). 25:1 என்றால் 40 மில்லி. விலை குறைந்த 58 சிசி மிஷின்கள் பலவற்றில் மூடியிலேயே 25:1 என்று அச்சிட்டிருப்பார்கள்; உங்களுடையதில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். "கொஞ்சம் கூடப் போட்டா இன்ஜினுக்கு நல்லது" என்று கண்ணளவில் ஊற்றுவது நம் வழக்கம். அதன் பலனை 2016 டிசம்பரில் பார்த்தேன். 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்து ஓய்ந்ததும் தெருவுக்குத் தெரு மரம். கிடைத்த மிஷினை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்கள் கிளம்பினார்கள். அந்த வாரம் வந்த ஒரு மிஷின், உங்களுடையதைப் போலவே மூன்றாம் துண்டில் சாகும். சைலன்சரைக் கழற்றினேன். வாயில் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும், தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க. அந்த வலையே தெரியவில்லை. தார் பூசியது மாதிரி கரி. ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஆயில் என்று கேட்டேன். "ஒரு மூடி அண்ணே" என்றான் கொண்டுவந்த பையன். எந்தப் பாட்டில் மூடி என்று நான் கேட்கவில்லை. புகை வெளியே போக வழியில்லாத இன்ஜின் புதுக் காற்றை எப்படி உள்ளே இழுக்கும்? வலையைக் கழற்றி அடுப்பில் காட்டிக் கரியை எரித்துவிட்டு, ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். அன்று மாலையே அசோக் நகர் பக்கம் வேலைக்குப் போய்விட்டது.

இன்னொரு மிஷினில் கரியே இல்லை, சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எட்டு மாதம் ஷெட்டில் கிடந்தால் குளவி சும்மா இருக்குமா?

சரி, பெட்ரோல் பக்கத்தைப் பேசியாயிற்று. பாதிப் பேர் தப்பு விடுவது இன்ஜினே இல்லாத இடத்தில். செயினைச் சொல்கிறேன்.

மரத்தில் வைக்கும்போது என்ன விழுகிறது என்று பாருங்கள். அரிந்த தேங்காய்ச் சில்லு போலத் தனித்தனியாகச் சீவல் விழுந்தால் செயின் கூர்மை. ரவை மாதிரி, மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயின் அறுப்பதில்லை, உரசுகிறது. நீங்கள் கையால் அழுத்துவீர்கள், செயின் இழுத்துப் பிடிக்கும், ரேஸ் விழும். கூர்மையான செயின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். அழுத்த வேண்டிய நிலை வந்தாலே நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். சாய்ந்து கிடக்கும் மரத்தின் பட்டையில் சேறும் மணலும் ஒட்டியிருக்கும். அதில் பத்து நொடி ஓடினாலே கூர் போய்விடும். கடைசி இரண்டு அங்குலம் அறுக்கும்போது பார் முனை மண்ணைத் தொட்டால் சொல்லவே வேண்டாம். காய்ந்த சீமைக் கருவேலமோ இரும்புக்குத் தம்பி. சென்னைச் சாலையோர மரம் என்றால் இன்னொரு தொல்லை, ஆணி. டியூஷன் சென்டர், பாத்ரூம் அடைப்பு எடுப்பவர், வாடகைக்கு வீடு என்று எத்தனை பலகை அடித்திருப்பார்கள்! பலகை உதிர்ந்து போகும், ஆணி மரத்துக்குள் மூடிக்கொள்ளும். போன வருஷம் ஒரு பூவரசில் ஒரே ஆணியில் பதினொரு பல் போனது, எண்ணிப் பார்த்தேன்.

அரம் பிடிக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள், அரை நாளில் வந்துவிடும். இந்த 58 சிசி மிஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயின்தான் வரும், அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பாரின் மேலேயே பிட்ச் பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். பல்லின் மேல் கோடு போட்டிருக்கும் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் மழுங்கிய பல்லின் விளிம்பில் வெள்ளைக் கோடு மாதிரி ஒளி அடிக்கும். அந்தக் கோடு மறையும்வரை தேயுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, இல்லையென்றால் அறுப்பு ஒரு பக்கமாகக் கோணி பார் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் சின்னக் குமிழ் ஒன்று நிற்கும். பல் ஒரு சுற்றில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பல்லின் உச்சிக்கும் அதற்கும் ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் இறக்கம் இருக்க வேண்டும். "வேகமா அறுக்கும்" என்று இதைத் தேய்த்துத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பல் கொத்தாகக் கடித்து மரத்தில் நிற்கும், இன்ஜின் படக்கென்று அணையும், மிஷின் கையில் எகிறும். பவர் குறைவு மாதிரித்தான் தெரியும். ஆபத்தும் அதிகம்.

பாருக்கு ஆயில் வருகிறதா? பழைய நியூஸ்பேப்பரைத் தரையில் விரித்து, பார் முனையை ஒரு ஜாண் உயரத்தில் காட்டி அரை நிமிடம் ரேஸ் கொடுங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி, பாரின் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் கம்பியால் சுரண்டுங்கள். வெல்லப்பாகு மாதிரி உறைந்து கிடக்கும். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதில் இரும்புப் பொடி இருக்கிறது, ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும். செயின் டென்ஷனையும் பாருங்கள். இன்ஜின் ஆஃப், பிரேக் விடுவித்த நிலை, கையில் கிளவுஸ்; செயினைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இறுகி நின்றால் டென்ஷன் அதிகம், அல்லது பிரேக் பட்டை கிளட்ச் டிரம்மை உரசிக்கொண்டிருக்கிறது. பிரேக் உரசினால் அந்தப் பக்கம் மூடியில் தீய்ந்த வாசனை வரும்.

இன்னொரு விஷயம் சத்தம். இன்ஜின் சத்தம் குறையாமல், செயின் மட்டும் மரத்துக்குள் நின்றுவிடுகிறதா? அப்படியானால் கார்புரேட்டர், போர் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கிளட்ச் ஷூ தேய்ந்து வழுக்குகிறது. உங்களுக்கு இன்ஜினே அணைகிறது என்பதால் இது இல்லை.

சாய்ந்த மரம் பாரைக் கவ்வுவதையும் பலர் பவர் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் தாங்கி, நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்தே அறுத்தால் வெட்டு மூடிக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை அந்தரத்தில் நிற்கும் கட்டைக்கு இது தலைகீழ்.

இனி அந்தப் புதுக் கார்புரேட்டர். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் போதும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்வார். போதாது. எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். பாரத்தில் பேசுவது எச். வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். மெதுவாக உட்காரும்வரை திருகி, அங்கிருந்து ஒன்று முதல் ஒன்றேகால் சுற்று திறந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக, செயின் கூர்மையாக, இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் இந்த வேலை. மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தத்தில் லேசான கரகரப்பு இருக்க வேண்டும், தொண்டை கட்டியவர் பாடுவது மாதிரி. மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்ச் சுத்தமாக இழுக்க வேண்டும். சும்மா ரேஸிலேயே விசில் அடிப்பது மாதிரி உச்சத்தில் கத்தினால் லீன். "நன்றாகக் கத்துகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அப்படிக் கத்தவிட்டு மத்தியானம் முழுக்க அறுத்தால் மெக்கானிக் சொன்ன வாக்கு பலித்துவிடும், பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபித்தூள் நிறம் என்றால் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், ஈரமான கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம்.

எச் திறந்தும் லீனாகவே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். இந்த வகை மிஷின்களில் அது சீக்கிரம் வெடிக்கும். ரேஸை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தயங்கினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

சூடுதான் நிஜக் காரணமாக இருக்கக்கூடியது இக்னிஷன் காயிலில். ஆறியிருக்கும்போது ஸ்பார்க் வரும், சூடேறியதும் நின்றுவிடும். இதில் அடையாளம் வேறு: பெட்ரோல் பசி என்றால் திணறித் திணறி அணையும்; காயில் என்றால் சுவிட்சைப் போட்ட மாதிரி பட்டென்று நிற்கும். அணைந்த உடனே ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் "சத்தம் இறங்கி, திணறி" என்று எழுதியிருப்பதால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றும்போது சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே அடைத்த தூளைத் தட்டிவிடுங்கள். அது அடைத்திருந்தால் எல்லா மிஷினும் கொதிக்கும்.

போர் போனதா என்பதைப் பிரிக்காமலே பார்க்கலாம். ஆறிய மிஷினை, இக்னிஷன் ஆஃப் செய்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். கம்ப்ரஷன் இருந்தால் படி இறங்குவது மாதிரி நின்று நின்று இறங்கும். வழவழவென்று ஒரே இறக்கமாக இறங்கினால் சந்தேகம். சைலன்சரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வழுவழுப்பாக, பழைய எவர்சில்வர் மாதிரி மங்கலாக இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. சைலன்சரை எப்படியும் வலைக்காகக் கழற்றப் போகிறீர்கள், கூடவே இதையும் பார்த்துவிடுங்கள். அந்தப் போல்ட் இரண்டும் திரும்ப மாட்டும்போது இறுக வேண்டும், இல்லாவிட்டால் நடுவேலையில் கழன்று விழும்.

கீறல் இருந்தால் என்ன செய்வது? இந்த வகை மிஷினுக்கு சிலிண்டரோடு சேர்ந்த பிஸ்டன் செட் பாரிமுனைக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். ஆனால் எதனால் கீறியது என்று கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் அதுவும் கீறும். என் கையில் இருந்தால் டேங்க் துளை, குண்டு ஃபில்டர், சைலன்சர் வலை, எச் ஸ்க்ரூ என்ற வரிசையில் போவேன், நடுவில் செயினுக்கு ஒரு முறை அரம். உங்கள் 22 அங்குல பாருக்குப் பதில் 18 அல்லது 20 அங்குலம் போடுவதையும் யோசியுங்கள். செயினும் அந்த நீளத்துக்கே வாங்க வேண்டும். மனையில் கிடக்கும் வேம்புக்கு அது போதும், இன்ஜினுக்கும் சுமை குறையும்.

முதலில் மூடியைத் தளர்த்திப் பார்த்துவிட்டு, "உஸ்" கேட்டதா இல்லையா என்று எழுதுங்கள்.